புளியில் ஊறிய சில்லு மூடி

எனக்கு எழுபத்தெட்டு வயது நடக்கிறது. ஆறு பிள்ளைகளைப் பெற்றேன். செத்துப்போன தங்கச்சியின் மகனையும் சேர்த்து ஏழு பேரை வளர்த்தேன். ஏழு பேரும் உயிரோடு இருக்கிறார்கள், ஏழு பேரும் சொந்த உழைப்பில் சாப்பிடுகிறார்கள். இதை எங்கே சொன்னாலும் நிமிர்ந்து நின்றுதான் சொல்வேன்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு மட்டும்தான். எழுத்துக் கூட்டி எழுதுவேன். ஒரு பக்கம் நிரம்ப ஒரு பின்னேரம் போய்விடும். போகட்டும், இப்போது எனக்குப் பின்னேரங்கள் நிறைய இருக்கின்றன. எழுத நினைத்தது கடைசி மகளின் கலியாணத்துக்கு முந்திய மூன்று வாரங்களைப் பற்றி. பத்து வருசத்துக்கு முந்திய கதை. அந்த மூன்று கிழமையும் நான் வீட்டு விறாந்தையில் இருந்து ஒரு பழைய காரின் அலுமினியச் சாமான்களைத் தேய்த்துப் பொலிஷ் போட்டேன். கலியாணப் பெண்ணின் தாய்க்கு இது என்ன வேலை என்று அப்போதும் கேட்டார்கள். அதற்கும் இதில் பதில் இருக்கிறது.

என் வீட்டுக்காரர் வாடகைக்கு ஹயர் கார் ஓட்டியவர். எங்கள் கடற்கரை ஊரான தாழ்வுபாட்டில் எல்லாரும் வள்ளம் வைத்திருக்க, இவர் மட்டும் கார் வைத்திருந்தார். வள்ளத்தில் ஏறினால் இவருக்குத் தலை சுற்றும். அதை வெளியே சொல்ல மாட்டார். "எனக்குக் கடல் சரிவராது" என்று மட்டும் சொல்லுவார், ஏதோ கடலில் பிழை இருப்பது போல. பாற்கட்டி நிறத்தில் ஒரு பழைய இங்கிலாந்துக் கார். பிள்ளைத்தாச்சிகளை மன்னார் ஆஸ்பத்திரிக்கு ஏற்றுவார், சனத்தை மடுமாதா கோயிலுக்கு ஏற்றுவார், பெண்களைக் கலியாணத்துக்கு ஏற்றுவார். எங்கள் மூத்த மூன்று பெண்களையும் அந்தக் காரில்தான் தானே ஓட்டிக்கொண்டுபோய்க் கோயில் வாசலில் இறக்கினார்.

அந்தக் காரில் முதலில் இருந்த இரும்புச் சாமான்கள் எல்லாம் கடற்காற்றில் துருப்பிடித்துச் செத்துப்போயின. அவர் யாழ்ப்பாணத்தில் ஒரு லேத் கடைக்குப் போய், நாலு சக்கரத்துக்கும் சில்லு மூடிகளை அலுமினியத்தில் வார்த்துக் கடைந்து எடுத்து வந்தார். சில்லின் நடுவில் சின்னச் சட்டி கவிழ்த்தாற்போல் இருக்கும் மூடி அது. முன்பக்கம் பல்லு வரிசை போல் இருக்கும் கிறிலும், இரண்டு பக்கமும் ஓடுகிற பட்டிகளும் கூட அலுமினியம்தான். சனிக்கிழமை பின்னேரம் துடைத்து வைப்பார். ஞாயிறு காலையில் பூசைக்குப் போகிற சனம் அந்த மூடியில் முகம் பார்த்துத் தலைவாரும்.

சண்டைக் காலத்தில் நாங்கள் ஊரை விட்டு நறுவிலிக்குளத்தில் போய் இருந்தோம். காரும் எங்களோடு வந்தது. அது வயல் ஊர், உப்புக் காற்று இல்லை, காருக்கு ஒன்றும் ஆகவில்லை. திரும்பித் தாழ்வுபாட்டுக்கு வந்த பிறகும் ஓட்டினார். பிறகு ஒரு நாள் காலையில் முகம் கழுவப் போன மனிசனுக்குப் பாரிசவாதம் வந்தது. வலக்கை விழுந்தது, வாய் ஒரு பக்கம் கோணியது. கால் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது, கை வரவில்லை. இரண்டு வருசம் அவர் படலைக்கு வெளியே போகவில்லை. சனம் வாயைப் பார்க்கும் என்ற வெட்கம். கோயிலுக்கும் போகவில்லை, பங்குச் சுவாமிதான் வீட்டுக்கு நற்கருணை கொண்டுவருவார். காரும் கொட்டிலுக்குள் கிடந்து காற்றைத் தின்றது.

அப்போதுதான் கடைசி மகளுக்குக் கலியாணம் சரிவந்தது.

எங்கள் கத்தோலிக்கச் சனத்துக்குள் கலியாணம் முற்றானதும் கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாரின் மகனுக்கும் இன்னாரின் மகளுக்கும் விவாகம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு பூசையில் சுவாமி சொல்லுவார். மூன்றாம் ஓலை முடிந்த கிழமையில் கலியாணம். முதலாம் ஓலை வாசித்த அன்று பூசை முடிந்து வீட்டுக்கு வந்தேன். அவர் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில், கோயில் பக்கம் காதை வைத்தபடி இருந்தார்.

"வாசிச்சவரோ?" என்று கேட்டார். வாய் கோணினாலும் பேச்சு விளங்கும், கொஞ்சம் நேரம் எடுக்கும்.

"ஓம். உங்கட பேரையும் வடிவா வாசிச்சவர். நாலு சனம் திரும்பிப் பாத்தது, ஆள் எங்கையெண்டு."

அவர் முகத்தை மற்றப் பக்கம் திருப்பினார். நான் விடவில்லை.

"கலியாணத்தண்டைக்கும் உந்தக் கதிரையிலதான் கிடக்கப் போறியளோ?"

"மூத்தவன் கூட்டிக்கொண்டு போகட்டும். மாப்பிள்ளை பகுதி ஏசி வான் அனுப்புகினமாம். அதிலை போகட்டும்."

"மூண்டு பெட்டையளைக் கொண்டுபோய் இறக்கின நீங்கள். இவளுக்கு மட்டும் தகப்பன் இல்லையோ?"

"எந்தக் காரிலை கொண்டு போறது? அதைப் போய்ப் பாத்தனியோ? கருவாடு மாதிரிக் கிடக்குது." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "கார் முந்தி மாதிரி மினுங்கட்டும், நான் ஏறுறன். இல்லாட்டி என்னை விட்டிரப்பா."

"சொன்ன சொல்லு மாறப்படாது."

"மாறன்."

நடக்காது என்று நினைத்துத்தான் சொன்னார். எனக்கு அது தெரியும். மகள் குசினிக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போனபோது வெங்காயம் வெட்டாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். "அப்பா வராட்டி எனக்குக் கலியாணமே வேண்டாம்" என்றாள். "உனக்கு வேண்டாமெண்டா ஓலை வாசிச்ச சுவாமிக்கு ஆர் பதில் சொல்லுறது? போய் அரிசியைப் பார்" என்றேன். ஆனால் என் நெஞ்சுக்குள்ளும் அதுதான் இருந்தது. கார் போனால் அவர் போவார். கார் போகாவிட்டால் அவர் அந்தக் கதிரையை விட்டு இனி எழும்பவே மாட்டார்.

மறுநாள் காலையில் மெக்கானிக் நானாவிடம் போனேன். அவர் முஸ்லிம் ஆள், அவர்களில் அண்ணனை நானா என்பது. இளந்தாரிக் காலத்தில் இருந்தே எங்கள் காரைத் திருத்துகிறவர். சண்டைக் காலத்தில் அவர்கள் புத்தளம் பக்கம் போய்விட்டார்கள். இருபது வருசம் கழித்துத் திரும்பி வந்து எங்கள் படலையில் நின்றபோது, என் வீட்டுக்காரரைக் கட்டிப் பிடித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "அண்ணன், கார் சுகமா?"

அவர் வந்து கொட்டிலுக்குள் தலையை விட்டுப் பார்த்தார்.

"அக்கா, இஞ்சினுக்குப் பழுதில்லை. பற்றறியும் எண்ணெயும் மாத்தினா ஓடும். பெயின்ற்றைக் கழுவி மெழுகு போட்டாச் சரி. இந்த அலுமினியம்தான் சீரழிஞ்சு போச்சு."

சில்லு மூடிகள் வெள்ளை பூத்துக் கிடந்தன. உப்பளத்துக் கரை காய்ந்தாற்போல் ஒரு மாப்பொடி. விரலால் தடவினால் சொரசொரவென்று பொருக்கு. கிறிலின் பல்லுகளில் ஒன்றும் மிச்சமில்லாமல் அதே வெள்ளை.

"கையால தேய்ச்சு எடுக்க ஏலாதோ?"

"ஏலும். கொழும்பில மெஷினில செய்வாங்க, அனுப்பி எடுக்க நாள் இல்லை. கையால எண்டா பொறுமை வேணும் அக்கா."

"ஏழு பேரை வளர்த்தனான். பொறுமையைப் பற்றி எனக்குப் படிப்பிக்காதையுங்கோ, நானா."

அவர் சிரித்துக்கொண்டு எல்லாவற்றையும் கழற்றித் தந்தார். கறுப்பு அரத்தாள்களும் ஒரு கட்டு கொண்டுவந்தார். தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற தாள். முதுகில் இலக்கம் அடித்திருக்கும். நானூறு கரடு, எண்ணூறு அதைவிட மெது, ஆயிரத்து இருநூறு இன்னும் மெது, இரண்டாயிரம் கன்னத்தில் தடவினாலும் நோகாது. எழுத்து எனக்குத் தடக்கும். இலக்கம் ஒருநாளும் தடக்காது. நானூறில் ஒரு பக்கமாகத் தேய்க்க வேண்டும். பிறகு எண்ணூறை எடுத்து அதற்குக் குறுக்காகத் தேய்க்க வேண்டும். நானூறு போட்ட கீறல் ஒன்றும் மிச்சமில்லாமல் அழிந்த பிறகுதான் அடுத்த தாளைத் தொடலாம். கடைசியில் பொலிஷைப் பழைய சாறத் துணியில் தொட்டு உரச வேண்டும். கழுவுவதற்கு எங்கள் கிணற்றின் உப்புக் கரிக்கிற சவர்த் தண்ணீர் ஆகாது, நல்ல தண்ணீர்தான் வேண்டும் என்றார். குடிக்கப் பிடித்து வைத்த தண்ணீரில் ஒரு வாளி அதற்கென்று ஒதுக்கினேன்.

விறாந்தையில் பாயை விரித்து, ஒரு காலை நீட்டி, மூடியை மடியில் சாக்கின் மேல் வைத்துத் தேய்த்தேன். கருவாடு காயவைத்து, மீன் வெட்டி, உப்பில் ஊறிய கை என்னுடையது. அந்தக் கைக்கே இரண்டாம் நாள் விரல் நுனி எரிந்தது. அலுமினியத்தைத் தேய்த்தால் தண்ணீர் கறுப்பாக ஓடும். வெள்ளைச் சாமானுக்குள் இவ்வளவு கறுப்பு எங்கே இருந்தது என்று நினைப்பேன். நகத்துக்குள் ஏறினால் போகாது. மகள் தானும் தேய்க்கிறேன் என்று வந்தாள். "மோதிரம் போடுற கை, கறுத்த நகத்தோட நீட்டப் போறியோ?" என்று விரட்டிவிட்டேன். அந்த ஞாயிறு நற்கருணை வாங்கும்போது எனக்குக் கையை விரிக்க வெட்கமாக இருந்தது. நாக்கை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

முதல் இரண்டு நாள் அவர் என்னைப் பார்க்காதது போல் கிடந்தார். மூன்றாம் நாள் நான் எண்ணூறை வைத்துவிட்டு அடுத்த தாளை எடுக்கக் கையை நீட்டினேன்.

"எண்ணூறு இன்னும் முடியேல்லை" என்றார் கதிரையில் இருந்து.

கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தார். "அங்கை கிடந்துகொண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"சத்தம் கரகரக்குது. முடிஞ்சா பட்டுச்சீலை இழுக்கிற மாதிரிப் போகும்."

மூடியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில் நானூறின் கீறல் இரண்டு அப்படியே கிடந்தது. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது, திரும்பத் தேய்த்தேன். அன்றிலிருந்து அவர் காது கொடுத்தார், நான் கை கொடுத்தேன். "இப்ப மாத்து" என்பார். மாற்றுவேன். "அழுத்தாதை, தாள் தன்ர பாட்டில போகட்டும்" என்பார். "நீங்கள் ஸ்டியரிங்கை இப்பிடித்தான் பிடிச்சனியளோ?" என்று கேட்பேன். "நான் பிடிக்கிறேல்லை. அதுதான் என்னைப் பிடிச்சுக்கொண்டு போகும்" என்பார்.

கலியாணம் கட்டி நாற்பத்தெட்டு வருசம் ஆகியிருந்தது. அதில் பகலில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே இடத்தில் மணிக்கணக்காக இருந்தது அந்த நாட்களில்தான். அதுவரை அவர் விடியவே ஹயருக்குப் போவார். நான் கருவாட்டு வாடிக்குப் போவேன், பிள்ளைகளைப் பார்ப்பேன், அடுப்பைப் பார்ப்பேன். இரவில் இரண்டு பேரும் களைத்து விழுவோம். இப்போது காற்று அடிக்கும், கோழி மேயும், தாள் உரசும், அவர் கதை சொல்லுவார். ஒரு வசனத்துக்கு ஒரு நிமிசம் எடுப்பார். எனக்கும் அவசரம் இல்லை.

ஒரு கதையைச் சொல்லத்தான் வேண்டும். முன்னொரு காலம் ஒரு பெண்ணை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போகும்போது, வழியிலேயே பின் சீற்றில் பிள்ளை பிறந்துவிட்டதாம். தாயும் பிள்ளையும் சுகம். பிறந்தவன் இப்போது எங்கள் ஊரில் வள்ளம் வைத்திருக்கிறான், என்னிடம் மீன் விற்கிறவன்.

"அந்த சீற் உறையை நான் தோய்ச்சனானே!" என்றேன். "மீன் ரத்தம், ஆரோ பாரை மீனை வச்சிட்டாங்கள் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"உண்மையைச் சொல்லியிருந்தா நீ தோய்ச்சிருப்பியோ?"

"மாட்டன். எரிச்சிருப்பன்."

"அதுதான் சொல்லேல்லை."

முப்பத்தைந்து வருசம் இந்தப் பொய்யை வயிற்றுக்குள் வைத்திருந்திருக்கிறார். தாளால் எறிந்தேன். நெஞ்சில் பட்டு விழுந்தது. இடக்கையால் எடுத்து முதுகைத் தடவிப் பார்த்து, "ஆயிரத்து இருநூறு" என்று திருப்பித் தந்தார். பிழையில்லை.

இரண்டாம் ஓலை வாசித்து மூன்று நாள் போக, கிறில் முடிந்திருந்தது, பட்டிகள் முடிந்திருந்தன, இரண்டு மூடிகள் முடிந்திருந்தன. அந்த இரண்டையும் விறாந்தைக் கட்டில் சாத்தி வைத்தேன். தென்னை மரம் அதற்குள் வளைந்து தெரிந்தது. அவர் வாய் திறந்து நல்லது என்று சொல்லவில்லை. ஆனால் கதிரையை ஒரு சாண் அந்தப் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னார்.

மிச்சம் இரண்டு மூடி. ஆனால் கலியாண வீட்டு வேலை கழுத்தைப் பிடித்தது. பலகாரம் சுட வேண்டும், மூத்த பெண்கள் பிள்ளைகளோடு வந்து இறங்கப் போகிறார்கள், சட்டை தைக்கிறவள் ஒருபக்கம் கூப்பிடுகிறாள். ஒரு மூடிக்கு மூன்று நாள் போகிறது. கணக்குப் பார்த்தால் காணாது. அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. செய்யாமல் இருந்திருக்கலாம்.

எங்கள் கோயில் மெழுகுதிரிக் கால்கள் பித்தளை. பெருநாளுக்கு முன் பெண்கள் முறை வைத்து மினுக்குவோம். புளியும் உப்பும் பூசி ஊறவிட்டுத் தேய்த்தால் ஒரு மணித்தியாலத்தில் பொன் மாதிரி வரும். என் முறை வரும் வருசம் பீடம் எரிகிறது என்று சுவாமியே சொல்லியிருக்கிறார். பித்தளைக்குச் சரிவருவது அலுமினியத்துக்குச் சரிவராதா? நானா இதைச் சொல்லவில்லையே என்று ஒரு நினைவு வந்தது. பிறகு, அவர் பள்ளிவாசலுக்குப் போகிற மனிசன், மெழுகுதிரிக் காலை எங்கே மினுக்கியிருப்பார், அவருக்குப் புளியின் அருமை தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சீதனத்தோடு வந்த பெரிய பித்தளைக் கிடாரம் ஒன்று என்னிடம் இருந்தது. கலியாணத்துக்குச் சோறு காய்ச்ச எடுத்து வைத்திருந்தேன். அதற்குள் ஒரு பெரிய உருண்டை புளியைக் கரைத்து, இரண்டு கைப்பிடி உப்புப் போட்டு, இரண்டு மூடியையும் ஒன்றின் மேல் ஒன்றாக அமிழ்த்தி, மேலே தட்டால் மூடினேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. கோயில் விளக்குக்கு ஒரு மணித்தியாலம் என்றால் இதற்கு ஒரு நாள் விடுவோம், இன்னும் நல்லது என்று பலகாரம் சுடப் போய்விட்டேன்.

அடுத்த நாள் மத்தியானம் தட்டைத் தூக்கினேன். தண்ணீர் கலங்கி நுரை கட்டியிருந்தது. மேலே கிடந்த மூடி சாம்பல் நிறமாக மங்கியிருந்தது. அடியில் கிடாரத்தோடு ஒட்டிக் கிடந்ததை எடுத்தேன். முகம் முழுக்கக் குழி குழியாக, அம்மை வந்து தேறிய ஆளின் முகம் மாதிரி இருந்தது. கிடாரம் மட்டும் அன்றைக்குத்தான் கடையில் வாங்கியது போல் மின்னியது.

யாழ்ப்பாணத்து லேத் கடை இப்போது இல்லை, வார்த்தவரும் இல்லை. இரண்டையும் சீலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு குசினிக்குப் பின்னால் போய், அம்மி அருகில் இருந்து நானூறு தாளால் தேய்க்கத் தொடங்கினேன். கொஞ்ச நேரம்தான் போயிருக்கும். விறாந்தையில் இருந்து சத்தம் வந்தது.

"ஏனப்பா திரும்ப நானூறு?"

"நானூறு இல்லை, எண்ணூறு."

"எனக்குக் கைதான் விழுந்தது. காது விழேல்லை."

நான் எழும்பிப் போய் அந்த மூடியை அவர் மடியில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். புளி, உப்பு, கிடாரம், தட்டு, ஒரு நாள், கோயில் விளக்கு. அவர் இடக்கை விரலால் ஒவ்வொரு குழியாகத் தடவினார். ஏசுவார் என்று நின்றேன். அவர் வயிறு குலுங்கத் தொடங்கியது. முதலில் அழுகிறார் என்று நினைத்தேன். சிரிக்கிறார்! இரண்டு வருசமாக நான் கேட்காத சிரிப்பு. கண்ணால் தண்ணீர் ஓடி, வாயின் கோணல் பக்கத்தால் எச்சில் ஓடியது. நான் துவாயால் துடைக்கத் துடைக்கச் சிரித்தார்.

"சுவாமியிட்டப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டியதை என்னட்டைச் செய்யிறாய்" என்றார்.

"அபராதம் என்ன, சொல்லுங்கோ."

"நானூறில இருந்து தொடங்கு."

பின்னேரம் நானா வந்தார். மூடியைப் பார்த்தார், கிடாரத்தைப் பார்த்தார், தலையில் கை வைத்தார். "அல்லாஹ்! அக்கா, புளித்தண்ணியில உப்பைப் போட்டு, பித்தளையையும் அலுமினியத்தையும் ஒண்டா வச்சிருக்கிறீங்க. இது பற்றறி அக்கா! பித்தளை தப்பும், அலுமினியத்தைத் தின்னும். அண்ணன்ட காருக்கு நான் வீணாப் புதுப் பற்றறி வாங்கினன்."

கதிரையில் இருந்தவர் மறுபடி குலுங்கினார். எனக்கு இருவரையும் கிடாரத்துக்குள் போட்டு மூடவேண்டும் போல் இருந்தது.

மங்கிய மூடியைக் காப்பாற்றலாம், குழி விழுந்ததைக் காப்பாற்ற முடியாது என்றார் நானா. குழி போகும் மட்டும் தேய்த்தால் மூடி தகடாகிப் பிய்ந்துவிடும். நான் கேட்கவில்லை. மங்கியதை முடித்துவிட்டு, குழி விழுந்ததையும் தேய்த்தேன். பலகாரச் சட்டியை, வந்து இறங்கிய மூத்த மகளிடம் விட்டுவிட்டுத் தேய்த்தேன். மேடு மினுங்கியது. குழிக்குள் கறுப்பு அப்படியே இருந்தது. மினுங்க மினுங்க அந்தக் கறுப்பு இன்னும் எடுப்பாகத் தெரிந்தது.

மூன்றாம் ஓலையும் வாசித்தாயிற்று. கார் ஓடியது, பெயின்ற் மெழுகு போட்டுத் திரும்பியிருந்தது, கிறில் பல்லுக்காட்டிச் சிரித்தது, மூன்று மூடி கண்ணாடி மாதிரி. ஆனால் அவர் சொன்னது முந்தி மாதிரி மினுங்க வேண்டும் என்று. நாலாவதைக் காரணம் காட்டி அவர் பின்வாங்கினால் நான் என்ன சொல்ல முடியும்? அதைக் கெடுத்தது என் கைதானே. அவரும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. கேட்கப் பயந்து நானும் கேட்கவில்லை. வாழ்க்கையில் நான் அவரிடம் ஒன்றைக் கேட்கப் பயந்தது அந்தக் கிழமைதான்.

கலியாணத்தன்று விடிய நானா வெள்ளைச் சேட்டும் தொப்பியுமாக வந்தார். காரை ஓட்டப் போவது அவர்தான். மூடிகளைப் பூட்டக் குந்தினார்.

"அக்கா, இந்தப் பழுதானதை எங்க போட?"

"வலப்பக்கம் பின்னுக்குப் போடுங்கோ. கோயில் வாசல்ல சனம் நிக்கிறது இடப்பக்கம். ஒருத்தருக்கும் தெரியாது" என்றேன். இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்தது.

"இடப்பக்கம் முன்னுக்குப் போடு."

விறாந்தையில் இருந்து வந்த குரல். நானாவும் நானும் திரும்பிப் பார்த்தோம்.

"அங்கைதானே எல்லாரும் பாப்பினம்!" என்றேன்.

"நான் இறங்கிற பக்கம் அதுதான்." மூச்சு எடுத்தார். "கோணல் வாயும் குழி மூடியும் ஒரு பக்கமா நிக்கட்டும். எதைப் பாக்கிறதெண்டு தெரியாமல் சனம் முழிக்கட்டும்." பிறகு என்னைப் பார்த்து, "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? என்ர வெள்ளைச் சேட்டை எடு. நேரம் போகுது" என்றார்.

உள்ளே ஓடினேன். அலுமாரியைத் திறந்தேன். எந்தத் தட்டில் சேட் இருக்கிறது என்று எனக்குக் கண் தெரியவில்லை. உடுப்பு மாட்டியிருந்த மகள் வந்து எடுத்துத் தந்தாள். விழுந்த கையை முதலில் விட்டு, விழாத கையைப் பிறகு விட்டு, பொத்தான் போட்டேன். என் விரல் நுனிகளில் தோல் இல்லை, ஒவ்வொரு பொத்தானும் எரிந்தது. மகள் தகப்பனின் தலையை வாரிவிட்டாள்.

அவர் முன்னுக்கு நானாவின் பக்கத்தில் இருந்தார், மகளும் நானும் பின்னுக்கு. மாப்பிள்ளை பகுதியின் ஏசி வான் சின்னப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தது. நானா சைக்கிள் வேகத்தில்தான் ஓட்டினார். வழியில் கருவாடு விரித்துக்கொண்டிருந்த பெண்கள் எழும்பி நின்று பார்த்தார்கள். அவர் இடக்கையைக் கண்ணாடிக்கு வெளியே வைத்துக்கொண்டார், ஹயர் ஓடிய காலத்தில் வலக்கையை வைப்பது போல.

கோயில் வாசலில் சனம் நிறைந்து நின்றது. கார் நின்றதும் எல்லாருடைய கண்ணும் கிறிலில் விழுந்து, சில்லில் விழுந்து, அவரில் விழுந்தது. அவருடைய பழைய கூட்டாளி, வள்ளக்காரர், வாய்க்குப் பூட்டில்லாத மனிசன், முன்னுக்கு வந்தார்.

"என்ன அண்ணை, சில்லுக்கு அம்மை வந்ததோ?"

இவர் ஒரு காலை நிலத்தில் வைத்து, சுற்றி வந்த நானாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஓம்," என்றார், ஆறுதலாக. "கலியாணப் பொம்பிளையின்ர தாய் புளிக்கறி வச்சுக் குடுத்தவ. ஒத்துக்கொள்ளேல்லை."

சனம் வெடித்துச் சிரித்தது. வள்ளக்காரர் வந்து கட்டிப் பிடித்தார். பிறகு ஒருவர் பின் ஒருவராக வந்து இடக்கையைப் பிடித்தார்கள். வாயை ஒருவரும் பார்க்கவில்லை. பார்த்தவர்களுக்கும் அது சிரிப்பு வாயாகத்தான் தெரிந்திருக்கும். நானா கிடாரத்துக் கதையையும் அவிழ்த்துவிட்டார். எனக்கோ, முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அன்று பந்தியில் ஒவ்வொருவரும் சோற்றில் கை வைக்க முன்னம், "அக்கா, இது அந்தக் கிடாரத்தில காய்ச்சினதோ?" என்று கேட்டார்கள். ஒரு வருசம் வரை ஊரில் அந்தக் கதை போனது.

மகள் அவருடைய இடக்கையைப் பிடித்துக்கொண்டாள். வாசலில் இருந்து பீடம் வரை நடந்தார். பாடகர்கள் வருகைப் பாட்டைப் பாடி முடித்துப் பார்த்தால் அவர் பாதி வழியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார். திரும்ப முதலில் இருந்து தொடங்கினார்கள். இரண்டாம் முறையும் முடிகிற நேரத்தில் மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்தார். நான் பின்னால் நடந்து வந்தேன். அவருடைய சேட்டின் முதுகில் ஒரு மடிப்பு விட்டுப்போயிருந்தது. இழுத்துவிடக் கை போனது, அடக்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நாலு வருசம் இருந்தார். ஒரு ஞாயிறு பூசையையும் விடவில்லை, அந்தக் காரில்தான் போனார், மூத்தவன் ஓட்டினான். கடற்காற்று யாரையும் விடாது, கிழமைக்குக் கிழமை மூடிகள் மங்கும். சனிக்கிழமை பின்னேரம் நான் பாயை விரிப்பேன், அவர் கதிரையில் கண்ணை மூடிக் கிடப்பார். குழி விழுந்த மூடியை வேறு யாரிடமாவது செய்வித்து மாற்றித் தரட்டுமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். அவர் விடவில்லை. கார் இப்போது மூத்தவனிடம் இருக்கிறது. அவன் எங்கேயோ மெஷினில் கொடுத்து மினுக்குகிறான். அது எனக்குக் குறையில்லை. எனக்குக் குறை, தாள் பிடித்தால் "இப்ப மாத்து" என்று சொல்ல ஆள் இல்லாததுதான். ஒரு மழைக்காலம் சும்மா ஒரு சோத்துப்பானை மூடியை எடுத்து வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். எப்போது நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. தாள் கிழியும் வரை தேய்த்துவிட்டு எழும்பினேன்.

இவ்வளவும் எழுத இருபத்தொரு பின்னேரம் எடுத்தது. பேத்தி பள்ளிக்கூடத்தால் வந்துவிட்டாள், அந்தக் காரில் போன கடைசி மகளின் மூத்த பிள்ளை.

இஞ்ச வா பிள்ளை. கையைக் கழுவிப்போட்டு இந்தக் கொப்பியைப் பிடி. முதல்ல இருந்து வாசி, நான் கேக்கிறன். எழுத்துப் பிழைக்கு நிக்க வேண்டாம், போ. அம்மப்பா கதைக்கிற இடம் வந்தா மட்டும் மெல்லமா வாசி. அவர் அவசரமாக் கதைக்கிறேல்லை.